வாசலில் பிடிபட்ட பிழை

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துவார்கள் என்பது கோவில்பட்டியில் எல்லாருக்கும் தெரியும். பாழாய்ப்போன எனக்கு மட்டும் அன்று மறந்துவிட்டது.

எங்கள் கம்பெனியின் லாரி ஒதுக்கும் நிரல் சில சமயம் ஒரே லாரியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். அதன் பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடுவதால், தேடும்போதெல்லாம் பிழை ஒளிந்துகொள்ளும். அன்று காலை வசமாகச் சிக்கியது. ஓடியதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் கருவி என்னிடம் இருந்தது. ஆனால் கரண்ட் போய், சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது; லேப்டாப் அணைந்தால் எல்லாம் அழிந்துவிடும். சாயங்காலத்துக்குள் பிழையைக் காட்டாவிட்டால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, பெங்களூருக்கு வந்துவிடு என்று மேலாளர் சொல்லியிருந்தார். கல்யாணமான புதிது. வீட்டுக்காரரை விட்டுவிட்டு நான் எங்கே போக?

அவர் மெஷின் ஓட்டும் தீப்பெட்டி ஆபீசில் ஜெனரேட்டர் உண்டு. திறந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன்.

“பேட்டரி சாமான் உள்ள போகக் கூடாதும்மா. தீக்குச்சி மருந்து காயுது,” என்றார் வாட்ச்மேன். செல்போனையே வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். “இங்கனயே இரு. அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வாரேன்,” என்று முதலாளியைப் பார்க்கப் போனார்.

புதூரிலிருந்து வேலை கேட்டு வந்து காத்திருந்த ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்ட நேரமில்லை. நடந்த ஒன்றைத் திருப்ப, அதனால் விளைந்ததை முதலில் திருப்ப வேண்டும். சம்பந்தமில்லாததைத் தொட வேண்டியதில்லை. அந்த ஒரு லாரியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இதற்கிடையில் புதூர்க்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். போனைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அம்மாடி! இரண்டு பகுதிகள், ஒன்றையொன்று கேட்காமல், லாரி காலி என்று ஒரே நேரத்தில் முடிவெடுத்திருந்தன. திரை அணைந்தது. அணையட்டும், தெரிந்துவிட்டதே!

வீட்டுக்காரர் வெளியே வந்தார். “கண்டுபிடிச்சிட்டேங்க! நான் எங்கயும் போகல!” என்று கத்தினேன்.

அவர் முகம் செத்துப்போனது. “ஏட்டி, அண்ணாச்சி முடியாதுன்னுட்டாவ. பெங்களூர்ல நீ தனியா கெடந்து கஷ்டப்பட வேண்டாம், நானும் கூட வாரேன்னு வேலைய விட்டுட்டேன். என் மெஷினுக்கு ஆளும் போட்டாச்சு.”

“அடப்பாவி மனுசா! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

இப்போதே போய்ப் பேசினால் வேலை திரும்பக் கிடைக்கும். அதற்கு முதலில் அந்தப் புதூர்க்காரரை வெளியே அனுப்ப வேண்டும். வாசல் பெட்டியில் அவருடைய போன் விடாமல் அடித்தது. வீட்டில் தகவலுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்,” என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன்.