உச்சிக்குழியும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

“இவ நாக்குல இங்கிலீசு எங்க ஒட்டப்போவுது?” என்று அத்தை ஒரு நாள் என் எதிரிலேயே கேட்டாள். நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா அவள். தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவள்.

நேற்று மணவூர் ஸ்டேஷனில் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் அந்த ஊரில்தான். வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். தந்தி தட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிராமலே, “டிஸ்டர்ப் பண்ணாதீங்கம்மா” என்றார், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போடுகிற அலட்சியத்தோடு. எனக்குக் கோபம் வரவில்லை. ஈர மயிரும் அரைத்த சந்தனமும் கலந்த வாசனை வந்தது.

அது பொய்கைக் கரை வாசனை. எங்கள் நைனா திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து முடி இறக்குகிறவர். குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும். சுற்றிலும் இருபது பேர், சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் பாதி. கத்தி உச்சிக்குழியை நெருங்கும்போது நைனா இடது கையைத் தூக்குவார். அந்தக் கை இறங்கும்வரை யாரும் அரோகரா போடக்கூடாது. திடுக்கிட்டுக் குழந்தை தலையை ஆட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்க் கிண்ணியோடு நின்று, தமிழிலும் தெலுங்கிலும் கூட்டத்தை அடக்குவது ஆறு வயதிலிருந்தே என் வேலை. அத்தனை பெரிய கூட்டம் ஒரு கைக்கு அடங்குவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். பிறகு நைனா “ஆங்” என்பார். மலையே எதிரொலிக்க அரோகரா எழும்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நான் சொன்னதாக இருக்கக்கூடாது என்று ஒரு வீம்பு. யுத்த காலம், காகிதம் கிடைக்காது. சிலேட்டில்தான் டீச்சர் அந்த வார்த்தையை எழுதித் தந்தார். டிஸ்டர்ப். ஒருவர் தன் பாட்டுக்கு இருக்கும்போது போய்க் குலைப்பது. தூக்கத்தையும் குலைக்கலாம், குளத்துத் தண்ணீரையும் குலைக்கலாம், மனசையும் குலைக்கலாம். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார். கடல் கடந்து வந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இடமா என்று மலைத்துப்போனேன். “ராஜாவின் தூக்கத்தை டிஸ்டர்ப் செய்யாதே” என்ற வாக்கியத்தை நெட்டுருப் போட்டேன். நான் எந்த ராஜாவைக் கண்டேன்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா வரும் நாள் நெருங்கியது. அவர் தேர்ந்தெடுக்கும் பெண்களுக்கே மேல் வகுப்பு. தேறாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அத்தையிடம் நைனா ஒப்புக்கொண்டிருந்தார்.

வந்த அம்மாள் முதலிலேயே குண்டைப் போட்டார். “டிஸ்டர்ப் என்ற வார்த்தையை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம். புத்தகத்தில் இருப்பது வேண்டாம். உங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள்.” என் ராஜா போய்விட்டார். முன் பெஞ்சுப் பெண்கள் அப்பாவின் தூக்கம், அண்ணனின் படிப்பு என்று எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள். என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த அமைதி ஒன்றுதான் மிச்சம். எழுந்து நின்றேன்.

“மை ஃபாதர் ஷேவ்ஸ் பேபீஸ். நோபடி மஸ்ட் டிஸ்டர்ப் ஹிம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. “ஏன் கூடாது?” என்று தமிழில் கேட்டார். தூக்கிய கையைப் பற்றிச் சொன்னேன். தூக்கியே காட்டினேன். அவர் வகுப்பைப் பார்த்து, “இவள் அப்பாவிடம் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் யார்?” என்றார். முதலில் ஒரு கை. பிறகு, சிரித்தவளின் கை. பாதி வகுப்பு கையைத் தூக்கியது. கடைசியில், சுவரோரம் நின்றிருந்த டீச்சரும் தூக்கினார். அத்தனை உச்சிகளும் எங்கள் நைனாவின் கத்திக்கு அடியில் பத்திரமாக இருந்தவை.

அன்று சாயங்காலம் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டிருந்த நைனாவிடம் சொன்னேன். “உன்ன யாரும் டிஸ்டர்ப் பண்ணக்கூடாதுன்னு இங்கிலீசுல சொன்னேன் நைனா. மேல் வகுப்புக்கு என்ன எடுத்துக்கினாங்க.”

“அப்டின்னா இன்னா?”

விளக்கினேன். கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டினார். “எனுக்காவ இல்ல கண்ணு அது. கொழந்திக்காவ” என்றார்.

அத்தை, “தை மாசம் இன்னா ஆச்சு?” என்று ஆரம்பித்தாள். நைனாவின் இடது கை எழுந்தது. “அவ படிக்கட்டும் அக்கா. டிஸ்டப் பண்ணாத.”

அத்தை வாயை மூடிக்கொண்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒரே மாதத்தில் அவளும் கோழியை “டிஸ்டப் பண்ணாம ஓடு சனியனே” என்று விரட்ட ஆரம்பித்தாள்.

இப்போது அத்தை இல்லை. அவள் மகன், என் பாவாவுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் நைனாதான் முடி இறக்கினார். ஆனால் அந்த அமைதி போய்விட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை கடைக்காரர்கள் படிக்கட்டுக்கு மேலேயே ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறார்கள். நைனா கையைத் தூக்குகிறார். ஜனங்கள் அடங்குகிறார்கள், குழாய் அடங்குவதில்லை. போன கிருத்திகையில் ஒரு குழந்தை திடுக்கிட்டுத் துள்ளியது. நைனா கத்தியைச் சட்டென்று தன் விரலுக்குத் திருப்பிக்கொண்டார்.

அந்த விரலுக்குக் கட்டுப்போட்ட மறுநாளே குழாயை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன், இங்கிலீஷில். அந்த வார்த்தை அதில் இரண்டு இடத்தில் வருகிறது. கீழே என் பெயர், அதற்கும் கீழே நைனாவின் பெயர், அவர் தொழில்.