கலிஸ்ராவின் முடிவுப்புள்ளி

கலிஸ்ரா இரசாயனவியல் படித்தவள். படித்தாள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பார்த்தாளா என்பதுதான் கேள்வி.

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்து, அந்தக் கோயில்பற்றிலேயே முதல் ஆளாக விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணம் போனவள் அவள். அவளுக்கு முன்னாலேயே பொருளாதாரத் தடை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பட்டரி வராது, மண்ணெண்ணெய் வராது. அமிலம், கந்தகம் என்று பெயருள்ள எதுவும் கனவிலும் வராது. ஆகவே இரசாயனவியல் வெண்கட்டியால் நடந்தது. விரிவுரையாளர் கரும்பலகையில் ‘மஞ்சள் வீழ்படிவு’ என்று வெள்ளையாக எழுதுவார். அடுத்தது நீலக் கரைசல், அதுவும் வெள்ளை. கபிலப் புகை, பச்சைப் பளிங்கு, எல்லாம் ஒரே வெண்கட்டி. உலகத்து நிறங்கள் அனைத்தையும் வெள்ளையிலேயே கற்றுத் தேறிய அந்த வகுப்பில் கலிஸ்ரா முன்வாங்கில் இருந்தாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவளும் கொப்பிகளோடு நடந்து, கிளாலியில் படகேறி வன்னிக்கு வந்தாள். மறுவருடம் வீட்டாரும் கடற்கரையை விட்டு எழும்ப வேண்டி வந்தது. குடும்பம் உடையார்கட்டில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒன்றுசேர்ந்தது. தாய் ஞானமலர் அந்த அவசரத்திலும் மறக்காமல் கொண்டுவந்தவை மாதா சுரூபம், ஸ்பிரிட் கலந்த வாசனைத் தண்ணியான ஓடிக்கொலோன் போத்தல், கலிஸ்ரா குழந்தையாக இருந்தபோது பால் குடித்த கோடு போட்ட போத்தல். வலையை விட்டுவிட்டுப் பால்போத்தலைக் கொண்டுவந்த அந்த ஞானத்தைப் பற்றித் தகப்பன் ஸ்ரீபன் இன்னும் பேசி முடிக்கவில்லை.

உடையார்கட்டு அவளை மரியாதையோடு வரவேற்றது. இரசாயனம் படித்த பிள்ளை வந்திருக்கிறது என்றால் சவுக்காரம் வந்த மாதிரித்தானே. பனம்பழத்தைப் பிழிந்து வேட்டி தோய்த்துக்கொண்டிருந்த ஊர் அது. தேங்காயெண்ணெயோடு ஒருவர் வந்தார், அடுப்புச் சாம்பலோடு இன்னொருவர் வந்தார், மண்ணெண்ணெயைப் பெற்றோலாக்கித் தரமுடியுமா என்று மோட்டார் சைக்கிளையே உருட்டிக்கொண்டு மூன்றாமவர் வந்தார். இவர்கள் எவருக்கும் தேவைப்படாத ஒன்றே ஒன்றைத்தான் கலிஸ்ரா படித்திருந்தாள். அவள் ‘ஏலாது’ என்று சொல்லச் சொல்ல, கம்பசிலே பிள்ளை உண்மையிலே படித்ததா என்ற ஐயம் ஊரில் மெல்ல மெல்லப் பரவியது.

அந்த ஐயம் அவளுக்கும் இருந்தது என்பதுதான் துயரம்.

தொண்ணூற்றேழு தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. வன்னியில் அகப்பட்டுப்போன மாணவர்களுக்கு, விடுபட்ட செய்முறைப் பரீட்சையை வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வைக்கப் போகிறார்கள். அது தேறினால்தான் மூன்றாம் வருடம்; மூன்றாம் வருடம் முடித்தால்தான் பட்டம். பரீட்சையில் இருப்பது நியமிப்பு. அளவி என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தை அமிலத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, அதில் போட்ட காட்டி என்கிற சாயம் நிறம் மாறுகிற அந்தத் துளியில் சட்டென நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் முடிவுப்புள்ளி. அதைப்பற்றி மூன்று பக்கம் எழுதுவாள் கலிஸ்ரா. கண்ணால் கண்டதில்லை, கையால் நிறுத்தியதுமில்லை.

ஆகவே அவள் குசினிக்குப் பின்னால் ஓர் ஆய்வுகூடம் நிறுவினாள். வைத்தியசாலையில் கழித்துவிட்ட சேலைன் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, அவித்து, மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். குழாயில் இருந்த சில்லைப் பெருவிரலால் உருட்டினால் சொட்டு விழும், மற்றப் பக்கம் உருட்டினால் நிற்கும். காரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்ட தண்ணீர். அமிலத்துக்குத் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளி. அளக்கப் பால்போத்தல். காட்டிக்குத்தான் திண்டாட்டம். மஞ்சள்தூள் நிறம் மாறும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் குசினியில் மஞ்சள் கறிக்கே போதாமல் இருந்தது. மிஞ்சியது செவ்வரத்தம்பூ. அவித்த சாறு புளியில் சிவக்கும், சுண்ணாம்பு ஏற ஏற ஊதாவாகி, கடைசியில் பச்சையாகும்.

பூ அடுத்த வளவு விமலேஸ்வரியுடையது. அவர் விடிய எழும்பிப் பிள்ளையாருக்குப் பூ ஆயப் போனால் செடி மொட்டையாக நிற்கும். வேலிக்கு மேலால் பார்த்தால், பிள்ளையாரின் பூ பால்போத்தலுக்குள் கிடக்க, மாமரத்துக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்.

“வேதக்காரப் பிள்ளையளுக்கு எங்கடை சாமியின்ரை பூவிலை என்னடி கோவம்?” என்று ஒருநாள் கேட்டார்.

“கோவமில்லை அக்கா. பரீட்சை.”

“மரத்துக்கோ?”

கலிஸ்ரா விடவில்லை. சுண்ணாம்பு உறைந்து குழாய் அடைக்கும்; ஓலைப்பை தைக்கிற உமல் ஊசியால் குத்தி எடுப்பாள். கோழி தட்டிக் கொட்டும், திரும்பக் கரைப்பாள். நாளடைவில் அவளுடைய பெருவிரல் ஒரு சாத்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டது: சிவப்பு என்றால் விடு, பச்சை கண்டால் நிறுத்து. பெரிய பட்டினங்களின் சந்திகளில் இதற்கு நேர்மாறான சட்டம் இருப்பதாகக் கேள்வி. வன்னிச் சந்திகளில் விளக்கே இல்லாதபடியால் அவளைத் திருத்த ஒருவரும் இருக்கவில்லை.

வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க ஒரு பிணை வேண்டும். போகிற ஆள் திரும்பி வராவிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இங்கே இருக்க வேண்டும் என்பது விதி. ஞானமலர் பிணை நின்றார். மூக்குக்கண்ணாடி மாற்றப்போன விமலேஸ்வரி வழித்துணையானார். இருவரும் உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கி ஓமந்தை தாண்டி, தாண்டிக்குளத்தில் வெயிலில் நின்று, இராணுவத்தின் எல்லாச் சோதனையும் முடித்து வவுனியா போய்ச் சேர்ந்தார்கள்.

ஆய்வுகூடத்தில் உண்மையான அளவி நின்றது. கலிஸ்ரா அதைக் கோயில் சுரூபத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மேற்பார்வைக்கு வந்தவர் பரமேஸ்வரன் சேர். அவளுக்கு எல்லா நிறத்தையும் வெள்ளையில் படிப்பித்த அதே விரிவுரையாளர். காட்டி பினோப்தலீன். அமிலத்தில் அதற்கு நிறமே இல்லை. காரம் ஒரு துளி மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும், அங்கே நிறுத்த வேண்டும். இதைக் கலிஸ்ரா நித்திரையிலும் சொல்வாள்.

ஆனால் நித்திரையில் சொல்வது வாய். வேலை செய்வது விரல். சொட்டு விழுந்தது. குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்தது. சிவப்பைக் கண்டதும் பெருவிரல், மாமரத்தடியில் படித்த படிப்பை மறக்காமல், இன்னும் புளி இருக்கிறது, விடு என்றது. விட்டாள். சிவப்பு கடுமையானது. பச்சை இன்னும் வரவில்லை. விட்டாள். குடுவை நாவற்பழம் தின்ற நாக்குப்போல் ஆகியது. கலிஸ்ரா அதை ஆட்டி ஆட்டி, பொறுமையின் சிகரத்தில் நின்றாள்.

பரமேஸ்வரன் சேர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிட்ட வந்தார்.

“என்ன பிள்ளை, எதைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?”

“பச்சை வரும் சேர்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுடைய காதுக்கே கேட்டது. சேர் யன்னலைப் பார்த்தார். தன்னுடைய வெண்கட்டி வாழ்க்கை முழுவதும் அந்த யன்னலில் தெரிந்ததோ என்னவோ.

இரண்டாம் முறை இளஞ்சிவப்பு வந்தவுடன் அவள் நிறுத்தத்தான் பார்த்தாள். பெருவிரல் சேலைன் சில்லைத் தேடி மேலே உருட்டியது. அளவியில் சில்லு இல்லை, திருகுதான். அவ்வளவில் காரம் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டது. மூன்றாம் முறை சரியாக நின்றது: விடிகாலைக் கடல்போல ஒரு மெல்லிய நிறம். ஆனால் இரண்டு வாசிப்பு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. ஆளுக்கு ஒரு போத்தலாக அளந்து கொடுத்த காரமும் முடிந்துவிட்டது. மூன்றாவது வாசிப்பைப் பார்த்து இரண்டாவதை எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள மாணவர் வழக்கம். சேர் அதற்காகவே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்லலாம். கலிஸ்ரா கண்டதையே எழுதினாள். வாழ்நாளில் முதன்முதலாக ஒன்றைக் கண்டிருக்கிறாள். அதைப்போய் மாற்றி எழுதுவதா?

“வைகாசியிலை திரும்ப ஒருக்கா வைப்பம். வாரும்,” என்றார் சேர். வீட்டில் பழகக் கொஞ்சம் பினோப்தலீன் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். ஸ்பிரிட்டில் கரைத்த சாமான் தாண்டிக்குளம் தாண்டாது என்று அவர் விளங்கப்படுத்தினார். அப்போதுதான் அவருடைய பழைய விரிவுரை ஒன்றின் கடைசி வரி கலிஸ்ராவுக்கு ஞாபகம் வந்தது. வகுப்பே சிரித்த வரி அது. பினோப்தலீன் மலச்சிக்கலுக்கும் மருந்து.

வவுனியாக் கடைத்தெருவில் மீராசாகிபு என்ற பெரியவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மலம் இளக்கும் குளிசைகளில் பினோப்தலீன் உள்ளதாகப் பார்த்து, இருக்கிற எல்லாவற்றையும் தரும்படி கலிஸ்ரா கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, இரவில் ஒன்றுக்கு மேல் போடவேண்டாம் மகள், வீடு கக்கூசுக்குக் கிட்டவா என்று விசாரித்தார்.

திரும்பி வருகையில் தாண்டிக்குளத்தில் பையைச் சோதித்த பெண்ணின் கையில் குளிசைகள் அகப்பட்டன. மருந்து என்றால் காரணம் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க நின்றவர் நல்ல மனிதர். குரல்தான் கோயில் ஒலிபெருக்கி. இது என்னத்துக்கு என்று கேட்டார்.

இரசாயனம் என்ற சொல்லை அந்த இடத்தில் உச்சரித்தால் குளிசை மட்டுமல்ல, தானும் வீடுபோய்ச் சேரமுடியாது என்று கலிஸ்ராவுக்குத் தெரியும். பின்னால் வரிசை முழுவதும் நின்றது. அதில் புதுக் கண்ணாடியோடு விமலேஸ்வரியும் நின்றார்.

“எனக்குப் போறேல்லை,” என்றாள், நிலத்தைப் பார்த்து.

அவர் அதைச் சிங்களத்தில் சொல்லி, வரிசைக்கு வசதியாகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார். அந்தப் பெண் திரும்ப ஏதோ கேட்க, ஒலிபெருக்கி மொழிபெயர்த்தது. “இவ்வளவு குளிசையோ? எத்தினை நாளாய் எண்டு கேக்கிறா.”

நாள் குறைந்தால் குளிசையும் குறையும். கலிஸ்ரா விஞ்ஞானத்துக்காகத் தலையை நிமிர்த்தினாள்.

“மாசிப் பிறையிலையிருந்து.”

வரிசையில் இருந்தவர்கள் மரியாதையோடு ஓரடி விலகி நின்றார்கள். குளிசை முழுவதும் கிடைத்தது.

அவள் வீட்டுக்கு வர முந்தியே செய்தி உடையார்கட்டைச் சுற்றிவிட்டது. சவுக்காரம் கேட்டு வந்தவர்கள் இப்போது பப்பாசிப்பழத்தோடும் ஆமணக்கெண்ணெயோடும் வந்தார்கள். சாம்பல் கொண்டுவந்தவர் வாழைக்குலையே கொண்டுவந்தார். கம்பசிலே பிள்ளை ஏன் ஒன்றும் செய்யமுடியாமல் இருந்தது என்பதற்கு ஊருக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

ஞானமலருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பிள்ளை மருந்தை விழுங்காமல், அரைத்து ஓடிக்கொலோனில் கரைத்துக்கொண்டிருக்கிறது. வயிற்று வருத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, மிச்சக் குளிசைகளில் இரண்டு மூன்றைத் தேத்தண்ணியில் கலந்து கொடுத்துவிட்டார். கலிஸ்ரா அன்று பினோப்தலீனைப் பற்றி விரிவுரையில் வராத பலவற்றைக் கற்றாள். மறுநாளும் கற்றாள். எழும்பி வந்து பார்த்தபோது எஞ்சிய குளிசைகளைத் தாய் விமலேஸ்வரிக்குத் தானம் செய்திருந்தார். கரைத்து வைத்த அந்தக் கொஞ்ச ஓடிக்கொலோன் மட்டும் மிஞ்சியது. அதை வைகாசிக்கு என்று கூரைக்குள் செருகி வைத்தாள்.

வைகாசி வந்தது. பரீட்சைத் திகதியும் வந்தது. அதற்கு முன்னமே சண்டை வந்து, தாண்டிக்குளப் பாதை மூடப்பட்டது. பாஸ் தர ஆளில்லை, போக வழியில்லை. எப்போது திறக்கும் என்று கேட்டால் அதைச் சொல்லவும் ஒருவருமில்லை.

பரீட்சை நாள் காலையில் கலிஸ்ரா தலை வாரி இழுத்து, வவுனியாவுக்கு என்று மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். சேலைன் குழாயைக் கட்டினாள். புளியை அளந்து விட்டு, ஓடிக்கொலோனிலிருந்து ஒரு துளி சேர்த்தாள். நிறமில்லை. தெற்கே ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொட்டு விழ விழப் போத்தலை ஆட்டினாள். இளஞ்சிவப்பு வந்தது. பெருவிரல் நின்றது. திரும்பச் செய்தாள், போத்தலின் அதே கோட்டில் நின்றது. மூன்றாம் முறையும் அதே கோடு.

ஞானமலர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வடிவாகத்தான் இருந்தது.

“இது உடுப்புத் தோய்க்கலாமோ பிள்ளை?”

“இல்லையம்மா.”

“குடிக்கலாமோ?”

“உங்கடை தேத்தண்ணியே போதும்.”

“அப்ப இவ்வளவு நாளும் என்னத்தையடி படிச்சனீ?”

கலிஸ்ரா கொஞ்சம் யோசித்தாள். மூன்று பக்கம் எழுதக்கூடியவள்தான். “எங்கை நிப்பாட்டோணும் எண்டு அம்மா.”

ஞானமலர் சத்தம் வருகிற தெற்குத் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“அந்தப் படிப்புக்கு இந்த நாட்டிலை ஆர் பிள்ளை வேலை தாறது?” என்று சொல்லிவிட்டு, பால்போத்தலைக் கழுவப் பனம்பழம் தேடிப் போனார்.