சந்தனம் வைத்த கேபிள்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி வளாகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் எனக்கு வேலை. கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழைக் கேபிள் பதித்து, எல்லாக் கணினிகளையும் அதிவேகமாக இணைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்தது என்னவோ வருடக்கணக்கில் பள்ளம் தோண்டும் வேலை. பாதிப் பள்ளத்தில் மழைத் தண்ணீர், மீதியில் எலி. வேகத்தைப் பற்றி யாராவது பேசினாலே எனக்குக் கொட்டாவி வந்தது.

கடைசிக் கட்டடத்தில் ஒரு பெண் ஆராய்ச்சியாளர் இருந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் நோய் எங்கே பரவுகிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலை. படங்கள் எங்கள் பெரிய கணினியில் கிடந்தன. அவற்றை அலசும் மென்பொருள் அவருடைய கணினியில் மட்டும்தான் ஓடும். பிளாப்பியில் அள்ளிக்கொண்டு போகிற அளவா அது? ஐப்பசி முடிவதற்குள் முடிவைக் காட்டாவிட்டால் அவருடைய தற்காலிக வேலை போய்விடும். "ஏனுங்க சார், இந்த மாசத்துக்குள்ள லைன் வந்துருமுங்களா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "வந்துருமுங்க மேடம்" என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த ஆள் இழைகளை ஒட்டி, முனைகளுக்கு மூடி போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆயுத பூஜை விடுமுறை. அது முடிந்து வந்து இரண்டு பக்கமும் ஆள் விட்டுச் செருகவைத்தால், லைன் வரவில்லை.

எலிதான் என்று முடிவுகட்டி, மூடிய பள்ளங்களை மறுபடி தோண்ட வைத்தேன். ஆட்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது. நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன். கேபிளில் ஒரு கீறல்கூட இல்லை. மாதம் கரைந்துகொண்டிருந்தது. வெறுத்துப்போய் ஒருநாள் அந்தப் பெண் ஆராய்ச்சியாளரின் அறையில் தரையில் உட்கார்ந்து, செருகிய முனைகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"இதுக்கு யாருங்க மேடம் பொட்டு வெச்சது?"

"நான்தானுங்க சார். பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் வெச்சனுங்க. இதுக்குத்தான மொதல்ல வெக்கோணும்னு மூடியக் கழட்டிப்போட்டு வெச்சனுங்க. ஏனுங்க, தப்புங்களா?"

தறிக்கும் தராசுக்கும் மோட்டாருக்கும் பொட்டு வைக்கிற ஊர் இது. இந்தக் கேபிளில் தகவல் வெளிச்சமாகத்தான் போகும், முனையை மறைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோபப்படப் பார்த்தேன்; அதற்குக்கூடத் தெம்பில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

அன்று ஐப்பசியின் கடைசி நாள். அத்தனை நாள் காத்திருந்த படம் அவர் கண் முன்னால் மளமளவென்று திரையில் வந்து நிறைந்தது. அதை அலசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அது இருவருக்கும் தெரியும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"இவ்ளோ வெரசா வந்துருச்சுங்களே சார்" என்றார் அவர், நிஜமான சந்தோஷத்தோடு. பிறகு மேஜையைக் காலி செய்யத் தொடங்கினார்.