அக்காவின் நிறம்

ஈரக் கல்லில் விரலி மஞ்சளை உரசினால் மண்ணும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும். அதில் பயற்றம் மாவைக் குழைத்து என் அக்கா கமலத்தின் முகத்தில் அத்தை அழுத்தித் தேய்த்த அந்த ஐப்பசிக் காலையில், நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் பூசமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அக்காவுக்குத் தை பிறந்ததும் கல்யாணம் முடிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும், படம் எடுக்க மன்னார்குடி போக வேண்டும்.

அக்கா கறுப்பு. வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் 'மாநிறம்' என்பார்கள். அப்பாவின் தங்கையான அத்தைக்கு மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது. "இவ சேத்துல நின்னா எது காலு, எது சேறுன்னு தெரியல"ன்னு சிரிக்கும். "நெறம் கம்மின்னா நெலம் கூடக் கேப்பான்"ன்னும் சொல்லும். எனக்கோ, வாய்க்காலில் முங்கி எழுந்து அக்கா படியேறி வரும்போது அவள் தோளில் வெயில் வந்து நிற்கிற மாதிரி வேறு யார் தோளிலும் நின்று நான் பார்த்ததில்லை.

கழுவினாலும் போகாதபடி மஞ்சள் ஊறிய முகத்தோடு அக்காவை பஸ் ஏற்றிக் கொண்டுபோனார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனபோது அத்தை கடைவாசலிலேயே கத்திவிட்டது. மஞ்சள் பூசிய இடமெல்லாம் படத்தில் இருட்டாக விழுந்து, அக்கா தன் நிறத்தைவிடவும் கறுத்துப் போயிருந்தாள்.

"மஞ்சள் இந்தப் படத்துல கறுப்பாத்தாங்க விழும். வர்ற எல்லாரும் இதையேதான் பண்றீங்க."

"அதை அன்னைக்கே சொல்ல வாய் இல்லையா ஒமக்கு?"

"மூஞ்சியக் கழுவச் சொல்லி ஒரு பொண்ணோட சித்தப்பாகிட்ட அறை வாங்கினவங்க நான். இனிமே யார்கிட்டயும் சொல்றதில்ல."

அந்தப் படத்தை அத்தை அடுப்பில் போட்டது. மறுபடி போய் எடுத்தார்கள். இந்தத் தடவை மஞ்சள் இல்லை, பவுடர். காது மடல் வரைக்கும் அப்பி, போட்டோக்காரரும் தன் பங்குக்கு பென்சிலால் எதையோ தீட்டி, அரிசிமாவில் செய்த முகம் மாதிரி வந்தது. அத்தைக்குப் பரம சந்தோஷம். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் காதில், "யாருடி இவ?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் சிரித்த ஒரே தடவை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பட்டுக்கோட்டையிலிருந்து தென்னந்தோப்புக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பலகாரத்தைத் தொடவில்லை. இடுப்பிலிருந்து படத்தை எடுத்து, அக்காவை நிலைவாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, முகவாயைப் பிடித்துத் திருப்பி, படத்தைக் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தது. துணிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு நிறம் சேர்ப்பார்களே, அது மாதிரி.

"படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணாவுல்ல இருக்கு."

"மழை மூட்டங்க, வெளிச்சம் பத்தல," என்றது அத்தை.

"எங்க ஊருக்கும் இதே வெளிச்சம்தான் வரும்மா."

படத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரிடமும் கைகட்டி நின்றறியாத அப்பா அன்றைக்குத் தூணோடு தூணாக நின்றார். பிறகு, "எம் பொண்ணு மூஞ்சிக்கு இனிமே எவனும் வெளக்கம் கேக்கக் கூடாது" என்றார். படமே கேட்காத ஒருவருக்கு, குடவாசல் பக்கம் மனைவியை இழந்தவருக்கு, அக்காவைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அக்கா அதற்குப் பிறகு எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டவில்லை. யார் வீட்டுக் கல்யாணமானாலும், படம் எடுக்கிறார்கள் என்றால் சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். மகனுக்கு மூன்று வயது நடக்கும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த மகனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனுடைய மகள் போன மாசம் அந்தப் பவுடர் படத்துக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றி, என் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "பாட்டி, அப்பாயியப் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. கலர் சரியா சொல்லுங்க." ரோஜாப்பூ நிறத்தில் யாரோ இருந்தாள். இன்னும் கறுப்பு என்றேன். மாற்றி அனுப்பினாள். இன்னும் என்றேன். "இதுக்கு மேல போனா அப்பா ஒத்துக்க மாட்டாரு பாட்டி. அப்பாயி நல்ல செவப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிருக்காரு" என்றாள்.

சாயங்காலம் அவனே பேசினான். "சித்தி, எங்கம்மா கறுப்பா?"

அறுபது வயதைக் கடந்தவன், மூன்று வயதுக் குரலில் கேட்கிறான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "உன் நெறம்டா. அப்படியே உன் நெறம்" என்றேன்.

"என் நெறம் அப்பாகிட்டேருந்து வந்ததுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அப்புறம், "படத்துக்குக் கண்ணாடி போட்டாச்சு சித்தி" என்று வைத்துவிட்டான்.

அக்காவின் திதிக்குப் போயிருந்தேன். கூடத்தில் மாலையோடு, கண்ணாடிக்குள் ரோஜாப்பூ நிறத்துக்காரி இருந்தாள். அக்காவின் முகவாயைத் திருப்பிப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அத்தை இல்லை, அப்பா இல்லை, அவளை அப்படியே ஏற்றுக்கொண்ட அந்த மனிதரும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கும்பிட்டேன். மூடினால் என் அக்கா வருவாள். இப்போதெல்லாம், சில நாள், மூடினாலும் அந்த வெள்ளை முகம்தான் முந்திக்கொண்டு வருகிறது.