சத்தமில்லாத ஏசி

ஹைருன் பீவிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கடையநல்லூரில் அந்தத் தெருவே சொல்லும். சொல்லட்டுமே! புருஷன் சவூதியில் தம்மாமில் கிடக்க, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, வீட்டைக் கட்டி, கொத்தனாரோடும் கரண்ட் ஆபீஸோடும் ஒற்றையாளாக மல்லுக்கட்டிய பொம்பளைக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்?

கல்யாணமான சூட்டோடு முகம்மது இஸ்மாயில் பிளேன் ஏறிவிட்டார். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மருதாணி அழிவதற்குள் போய்விடுவார். மற்றபடி ஹைருனுக்கு வாய்த்த புருஷன் போனில் வந்த குரல்தான். அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும்.

“என்னங்க அது, மாவு மில்லுல படுத்திருக்கீகளா?” என்பாள்.

“ரூம்ல உள்ள ஏசிட்டி. கட்டிலுக்கு நேர் மேல ஓடுது. நிப்பாட்டுனா, கூட இருக்கவன் அடிக்க வருவான். அத விடு, சாப்பிட்டியா?” என்பார்.

முதலில் இரைச்சல், அப்புறம் “சாப்பிட்டியா”. இப்படியே முப்பது வருஷம் ஓடிப்போய்விட்டது.

இந்தச் சித்திரையில் மனுஷன் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். ஹைருனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், “இனி போக மாட்டாக” என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தென்காசிப் பக்கம் என்றாலே பன்னிரண்டு மாதமும் சாரல் அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. மே மாதம் வந்து ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் நின்று பார்க்கட்டும், தெரியும் சங்கதி. சென்னையில் வேலை பார்க்கும் மகன் மசூது, வாப்பா வேகக் கூடாது என்று உசத்தியான புது ஏசி ஒன்றை வாங்கி அனுப்பினான். தென்காசி மெக்கானிக் ஸ்டான்லி வந்து மாட்டிக் கொடுத்தான். பூனை நடந்தாலாவது சத்தம் கேட்கும், இந்த ஏசியில் அதுவும் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்பதையே அதன் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கேதான் வினை பிடித்தது. இஸ்மாயிலுக்குத் தூக்கம் வரவில்லை.

“ஏசி சரியில்லட்டி” என்றார்.

“நல்லாத்தானங்க குளுருது?”

“குளுருது. ஆனா என்னமோ சரியில்ல.”

ஸ்டான்லி வந்தான். கேஸைப் பார்த்தான், ஃபில்டரைக் கழுவினான், மாடியேறி வெளிப்பெட்டியையும் துடைத்து வைத்தான். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடியும் வந்தான். “அக்கா, இதுக்கு மேல குளுந்துச்சுன்னா இஸ்மாயில் பாயை ஐஸ்பெட்டி மீனு மாதிரி பேத்துத்தான் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இஸ்மாயில் விடிய விடியப் புரண்டார். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கண்ணெல்லாம் சிவந்து, பேசினால் எரிந்து விழ ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “எனக்கு இங்கன ஒத்து வரலட்டி. தம்மாம்ல ஒரு கடைக்கு ஆள் கேக்காங்களாம், விசா தாராங்களாம். வெள்ளிக்கிழமை சேக் மைதீன் போன் பண்ணுவான். போயிருவோம்னு பாக்கேன்.” சேக் மைதீன் என்பது அங்கே அவரோடு ஒரே ரூமில் இருந்த கூட்டாளி.

அவ்வளவு நீள வாய்க்காரிக்கு அன்று ஒரு வார்த்தை எழும்பவில்லை. ஏசியையா குறை சொல்கிறார் என்று அடுப்படியில் நின்று நினைத்தாள். பக்கத்தில் ஒருத்தி படுத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. சரியில்லாதது நான்தான் போல. இத்தனை காலம் காத்திருந்தது கடைசியில் இதுக்குத்தானா?

இடையில் மலையில் கோடை மழை கொட்டி ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தது. கிடக்கிற கிடையில் ஒரு குளியலாவது போடட்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். குளித்துவிட்டு வந்து அருவிச் சத்தத்துக்குப் பக்கத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், துண்டை விரித்துச் சாய்ந்தவர் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டார். பஜ்ஜிக்காரன் காதருகே கூவியும் எழும்பவில்லை. குளிர்ந்த காற்றுக்குத் தூங்குகிறார் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான், பொட்டுத் தூக்கமில்லை.

வியாழக்கிழமை நேரே தென்காசிக்குப் பஸ் ஏறி ஸ்டான்லி கடையில் போய் இறங்கினாள். ஏசியை மாற்றித் தருகிறாயா இல்லையா என்று ஒரு பிடி பிடிப்பதாகத்தான் போனாள். ஸ்டான்லி தரையில் உட்கார்ந்து ஒரு பழைய விண்டோ ஏசியை நோண்டிக்கொண்டிருந்தான். குற்றாலத்தில் ஏதோ லாட்ஜில் கழற்றிய பெட்டி.

“ஒரு நிமிசம் இருங்கக்கா, ஓடுதான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்” என்று சுவிட்சைப் போட்டான்.

பெட்டி ஒரு உதறு உதறி, இரைய ஆரம்பித்தது.

ஹைருன் பீவி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சண்டை போட வந்ததே மறந்துபோயிற்று. அந்த இரைச்சலுக்கு நடுவில், இதோ இப்போது வரும், இதோ வரும் என்று அவள் காது ‘சாப்பிட்டியா’வுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழ அழ அருவிக்கரையில் அவர் தூங்கியதும் ஞாபகத்துக்கு வந்தது. அடப் பாவி மனுஷா, இதைத் தேடியா இத்தனை நாளும் புரண்டீர்!

ஸ்டான்லி பதறிப்போய்ச் சுவிட்சை அணைத்தான். “என்னக்கா? ஷாக்கு கீக்கு அடிச்சிட்டா?”

“இத நாளைக்கு எங்க வீட்டுல மாட்டு தம்பி.”

“இது பழைய இரும்புக்குப் போற சாமான்க்கா! புதுசக் கழத்திட்டு இதப் போய் மாட்டுனா ஊரு சிரிக்கும். மசூது என்னையக் கொன்னே போடுவான்.”

“மசூதா வந்து படுக்கப் போறான்?” என்றாள் ஹைருன். வாய் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இஸ்மாயில் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து, கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலின் ஒரு கதவைக் கழற்றி, பலகை அடைத்து, ஸ்டான்லி அந்தப் பெட்டியைத் தூக்கி உட்கார வைத்தான். தலையில் அடித்துக்கொண்டேதான் வேலை பார்த்தான்.

இஸ்மாயில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். அவள் சுவிட்சைத் தட்டினாள். கட்டில் அதிர்ந்தது, ஜன்னல் கம்பி கிடுகிடுத்தது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏட்டி, இது எங்கன கெடந்துச்சு?”

“படுத்துப் பாருங்க.”

“இதுல மனுசன் தூங்குவானா? சும்மா பாக்கேன்...” என்று சாய்ந்தார். “அங்க எங்க ரூம்லயும் இப்படித்தான், ராத்திரியில...” என்றவர் பேச்சை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி குறட்டை வந்துவிட்டது.

ஹைருன் பீவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காது அடைத்தது. அடைக்கட்டும், போ! முப்பது வருஷம் போனுக்குள் இருந்து கேட்ட சத்தம், அந்த மனுஷனையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கு அவள் கட்டிலுக்கு வந்திருக்கிறது. அவர் நெற்றியில் கை வைத்தாள். அவர் அசையவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. சேக் மைதீன்தான். அவள் எடுத்து வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

“ஏலே இஸ்மாயிலு! என்னலே இது, ஏசிச் சத்தம் இந்தப் போடு போடுது? சொல்லாமக் கொள்ளாம இங்க வந்து எறங்கிட்டியா? எவன் ரூம்லலே இருக்க?”

“நான் ஹைருன் பேசுதேன்ண்ணே. அவுக என் ரூம்லதான் இருக்காக. தூங்குதாக.”

“நீங்களா மைனி? கடைக்காரன் இன்னைக்கே பதில் கேக்கான். விசாவுக்கு என்ன சொல்லட்டும்?”

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, “யாருட்டி?” என்றார்.

“சேக் மைதீன் அண்ணன். விசாவக் கேக்காக.”

“வரலன்னு சொல்லிட்டு வைட்டி. மனுசன் தூங்க வேண்டாமா?” என்று அவள் மடிப்பக்கமாகப் புரண்டு படுத்தார்.

அவள் சொன்னாள். இரைச்சலில் சேக் மைதீனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “என்னது மைனி? என்னது?” என்றான். ஹைருன் பீவி போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, “வரலையாம்ண்ணே! இனி வர மாட்டாகளாம்!” என்று கத்தினாள்.

அந்தக் கத்தலுக்கும் அவர் விழிக்கவில்லை.