சேறு மூடிய கக்காத் திட்டு

கொச்சிக்குப் பக்கத்தில், கும்பளங்கிக் காயலில் கக்கா என்கிற சிப்பியை எடுக்கிற பெண்களுக்கு நடுவில் பேச்சியம்மாளை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் முங்கி எழுவார்கள். அவள் முங்கமாட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே காலால் தரையைத் துழாவி, ஓடு தட்டுப்பட்டதும் கால்விரல்களால் கவ்வித் தூக்கி, பக்கத்தில் மிதக்கிற அலுமினியச் சட்டியில் போட்டுவிடுவாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அங்கே அதற்கு மட்டி என்று பெயர். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், கக்கா கக்கா என்று தெருவில் கூவிப்போன கூடையை எட்டிப் பார்த்து, "அட, நம்ம மட்டி!" என்று சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

கூடைக்காரி கும்பளங்கி ரோசிலி. அன்று தொடங்கிய சிநேகம். கொஞ்ச நாளில் பேச்சியும் விடிந்ததும் கும்பளங்கிக்குப் போய் ரோசிலியோடு காயலில் இறங்கினாள். எடுத்ததை அங்கேயே அவித்து, சதையைப் பிரித்து, வழியில் சுள்ளிக்கல் வீடுகளில் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்புவாள்.

புருஷன் ராசப்பனுக்கும் தண்ணீரில்தான் வேலை. வில்லிங்டன் தீவை ஒட்டிக் கப்பல் வருகிற வழியைத் தூர்வாரும் ஒப்பந்தக்காரரிடம் மண் தோணியில் இருந்தான். இயந்திரம் அள்ளிப் போடுகிற சேற்றைத் தோணி கடலுக்குக் கொண்டுபோகும். அங்கே, தோணியை ஓட்டுகிற ஸ்ராங்கு சொன்னதும், சங்கிலியைச் சுழற்றி அடிக்கதவைத் திறந்து கொட்டுவது அவன் பொறுப்பு.

1978இல் மழை ஓய்ந்து, காயல் தெளிந்து, நல்ல கக்கா கிடைக்கிற சமயம். ஒருநாள் காலையில் நண்டுகளெல்லாம் தண்ணீரைவிட்டு வலை கட்ட நட்டிருந்த ஊன்றுகழிகளில் ஏறி உட்கார்ந்திருந்தன. மண்ணுக்குள் கிடக்கிற புழுக்கள் மேலே வந்து துவண்டு மிதந்தன.

"எந்தா பேச்சி இது?" என்றாள் ரோசிலி.

பேச்சி இறங்கினாள். வழக்கமாகக் கால் வைத்ததும் மணலும் உடைந்த ஓடுகளும் நறநறவென்று தாங்கும். அன்று கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. களி மாதிரிச் சேறு. அதற்குள்ளிருந்து அவள் எடுத்த கக்காக்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். கக்கா மட்டுமில்லை, ஊரி, நத்தை, எதுவும் மிஞ்சவில்லை. அவற்றைத் தின்ன வருகிற கரிமீனும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. பிறகு யாரோ பார்த்துவிட்டார்கள்: ஒரு மண் தோணி கடலுக்குப் போகாமல் தெற்கே திரும்பி வந்து, கக்கா எடுக்கிற திட்டுக்குப் பக்கத்தில் நின்று, காலியாகத் திரும்பிப் போகிறது.

மறுநாள் பேச்சி போனபோது ரோசிலி ஏசவில்லை. தன் வீட்டில் பேச்சி வைத்திருந்த அலுமினியச் சட்டியை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "நின்றெ புருஷனோடு சோதிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் புருஷனைக் கேள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடப் பேச்சிக்குத் தேவலாம் போலிருந்தது.

வீட்டில் ராசப்பன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"நீங்க மண்ண எங்க தட்டுதீய?"

"அழிமுகத்துக்கு வெளிய, கடல்ல. எப்பவும் போலத்தான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "ஸ்ராங்கு சொல்லுத எடத்துல கதவத் தொறக்கேன். கடலுக்குப் போனா நேரமாவுது, டீசலாவுதுன்னு தெக்க தட்டச் சொல்லுதாவ" என்றான். "சேத்துமேலதான சேத்தப் போடுதோம், அதுல யாருக்கு என்ன போச்சுன்னு நெனச்சேன்ளா."

"நாளைக்கு லீவுதான? எங்கூட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கும்பளங்கிக்கு அழைத்துப்போய்த் தண்ணீரில் இறக்கினாள். இத்தனை வருஷம் அந்தக் காயலில் தோணியில் போய்வந்தவன் அதன் தரையை மிதித்ததில்லை. தொடைவரை புதைந்தான். கையை விட்டு அள்ளினான். பிளந்த ஓடுகள் கொத்தாக வந்தன. மூக்கைப் பொத்தவும் தோன்றாமல் நின்றான். கரையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவின் பேரில், கடல் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஸ்வர்ணலதா என்றொரு பெண் வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். படகிலிருந்து இரும்புக் கவ்வி ஒன்றைக் கயிற்றில் இறக்கி, அடிமண்ணைப் பிடுங்கி எடுத்தாள். மேலே கரும்பழுப்பாகக் குழைந்த சேறு. அதற்குக் கீழே, வெட்டி ஒட்டவைத்தது போல, பழைய மணலும் ஓடும். தமிழில் பேச ஆள் கிடைத்ததும் பேச்சி அவளை விடவில்லை.

"கக்கா எப்பவும் மண்ணுக்குள்ளதான கெடக்கும்மா? சேறு விழுந்தா ஏன் சாவுது?"

"உள்ள புதைஞ்சிருந்தாலும் குழாய் மாதிரி ஒண்ணை மேல நீட்டித்தான் மூச்சு விடறதும் தின்னறதுமாக்கும். கொஞ்சங்கொஞ்சமா மண் விழுந்தா அதுவும் மேல ஏறி வந்துடும். ஒரேயடியா இத்தனை விழுந்தா குழாய் எட்டாது. காத்தில்லாம சேறும் அழுகிப் போறது, பார்த்தேளா."

"திரும்ப வருமா?"

ஸ்வர்ணலதா கவ்வியில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தாள். "உறுதியாச் சொல்ல எனக்குத் தெரியலை. குஞ்சு தண்ணியில மிதந்துண்டு வரும். கெட்டித் தரை கிடைச்சா உக்காரும், குழைஞ்ச சேறானா அமுங்கிச் செத்துடும். அடியில பழைய தரை இருக்கு. கொட்டறதை இப்பவே நிறுத்தி, மழைவெள்ளம் மேல்சேத்தை அரிச்சுண்டு போச்சுன்னா வரலாம். ஆனா இங்கதான் கொட்டினதுன்னு யாராவது சொல்லணுமே."

பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, எல்லா மண்ணும் கடலுக்குத்தான் போயிற்று என்றான். ஸ்ராங்கு செல்லதுரை தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றார். நாலு பிள்ளைகள் அவருக்கு. கூட்டத்தின் கடைசியில் பேச்சி நின்றிருந்தாள். ராசப்பன் என்ன செய்வான் என்று அவளுக்கே தெரியாது.

ராசப்பன் எழுந்தான். தமிழும் மலையாளமும் கலந்து, திக்கித் திக்கித்தான் பேசினான்.

"தோணிக்கதவத் தொறக்கது நானாக்கும் சாரே. கடலுக்குப் போவல. கும்பளங்கித் திட்டுக்கு வடக்க நின்னு தொறந்தேன். நாளும் தொறந்தேன். எங்கன்னு கேட்டா வந்து எடத்தக் காட்டுதேன்."

ஆபீசில் சலசலப்பு எழுந்தது. செல்லதுரையும் மெல்லத் தலைநிமிர்ந்து, "அவன் சொல்லுததுதான் நெசம்" என்றார். பேச்சி சுவரோடு சாய்ந்துகொண்டாள். கக்கா வருமோ வராதோ, இனி இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்னலாம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரமே கொட்டுவது நின்றது. ராசப்பனின் வேலையும் போயிற்று. மட்டாஞ்சேரி கிட்டங்கியில் மிளகு மூட்டை தூக்கப் போனான். தோள் காய்த்துப்போயிற்று. பேச்சி ஆப்பம் சுட்டு விற்றாள். ஒருநாள் சாயங்காலம் வாசலில் ரோசிலி நின்றாள். வாழையிலையில் பொதிந்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கையில்.

"சட்டி எவிடெ?" என்றாள்.

"எந்தச் சட்டி சேச்சி?"

"நின்றெ சட்டி. கொண்டு வா. என்றெ வீட்டிலிருக்கட்டும்."

இருவரும் அழுது, பிறகு ஏன் அழுதோம் என்று சிரித்தார்கள்.

அடுத்த மழைக்காலம் இடைவிடாமல் பெய்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கூரை ஓடு ஒழுகி வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. மட்டாஞ்சேரியே மழையைச் சபித்தபோது பேச்சி மட்டும் ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பெய்யட்டும் பெய்யட்டும் என்றாள். ராசப்பன், "ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றானே தவிர, அவனும் ராத்திரி படுக்கும்போது மழைச்சத்தம் குறைகிறதா என்று காது கொடுத்துக்கொண்டுதான் கிடந்தான்.

வெள்ளம் வடிந்ததும் ரோசிலியும் பேச்சியும் காயலில் இறங்கினார்கள். கால் கணுக்கால்வரை போயிற்று. இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். பேச்சியின் உள்ளங்காலில் ஏதோ கீறியது. பழைய ஓடு! தரை தாங்கியது. ஆனால் கக்கா ஒன்றும் தட்டுப்படவில்லை. ரோசிலி உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த மாதமே ஸ்வர்ணலதா மறுபடி படகில் வந்து கவ்வியை இறக்கினாள். வந்த மண்ணைச் சல்லடையில் கொட்டி அலசினாள். மணல் போகப்போகச் சல்லடையில் தங்கியவை உளுத்தம்பருப்பளவு கறுப்புப் பொட்டுகள். அவள் ஒன்றை எடுத்துப் பேச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். அது இறுக வாயை மூடிக்கொண்டிருந்தது.

"உசிரோட இருக்கும்மா!"

"இருக்கு. நிறைய இருக்கு" என்றாள் ஸ்வர்ணலதா. அவள் முகமும் மலர்ந்திருந்தது. "புழுவும் வந்தாச்சு பாருங்கோ. தரை மூச்சு விடறது. இந்த வருஷம் கை வைக்காதீங்கோ. முட்டை போடறவரைக்கும் விட்டுடுங்கோ."

கும்பளங்கிப் பெண்கள் அந்த வருஷம் அந்தத் திட்டில் இறங்கவில்லை. அடுத்த வருஷம் இறங்கினார்கள். ராசப்பனும் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு, ரோசிலியின் தம்பியோடு வள்ளத்தில் கக்கா வாரப் போனான். எண்பதுகள் முழுக்க அதுதான் அவன் பிழைப்பு. கதவு திறக்கிற வேலைக்கு மறுபடி கூப்பிட்டபோது, வேண்டாம் என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பினான்.

அந்தக் குஞ்சுகளைப் பார்த்த அன்றைக்குப் பேச்சி ரோசிலி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பப் பஸ் ஏறினாள். ஒரு வருஷத் தூக்கமும் சேர்ந்து வந்தது. சுள்ளிக்கல் போனது தெரியாது. மட்டாஞ்சேரி போனதும் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். நல்ல வெயில். பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, வந்த வழியே நிதானமாக நடந்து வீட்டுக்குப் போனாள்.