மைதானத்தில் மட்டும் மிஸிஸ் நவரத்ன

என் மச்சாள் லீலாதேவிக்கு மூன்று மொழி தெரியும். மூன்றிலும் பயப்படத் தெரியும். கண்டி தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு ஒப்பரேட்டர் வேலை. அவள் பேசும் சிங்களத்தைக் கேட்டால் மறுமுனையில் இருப்பவர்கள் உரிமையோடு, தங்கச்சி முறை வைத்து 'நங்கி' என்று கூப்பிடுவார்கள். சாவகச்சேரியில் பிறந்தவள் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது. அண்ணாவைக் கட்டி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போய்க் கிடந்தோம். பிறகு அம்பிட்டியவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது. அண்ணா, மச்சாள், அவர்களுடைய ஒரே மகள் ரேணுகா, நான் எல்லோரும் அங்கே குடிபோனோம். போன அன்றே மச்சாள் சட்டம் போட்டாள். வாசலைத் தாண்டினால் தமிழ் கிடையாது, பொட்டும் கிடையாது. ரோட்டில் பிள்ளை வாயைத் திறந்தால் முறைப்பாள். நாலு வயதுப் பிள்ளை வீட்டுக்குள் ஒன்றாகவும் வெளியில் ஒன்றாகவும் வளர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளியில் வாய் திறக்காத பிள்ளை என்பதற்காக சாதுவான பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணாவின் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தேசிக்காயை விறாந்தை நெடுக அடித்துத் திரியும். கண்ணாடிப் போத்தல், விளக்குச் சிமினி, என் மூக்குக்கண்ணாடி எதுவும் அதற்குத் தப்பவில்லை.

எண்பத்தாறில் ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில், போகம்பரை மைதானத்தில் சின்னப் பெண்பிள்ளைகள் ஹொக்கி விளையாடுவதை அது கண்டுவிட்டது. கம்பி வேலியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. மச்சாள் இழுத்தாள், நான் இழுத்தேன். பிள்ளை அசையவில்லை. அங்கே பழக்கிக்கொண்டு நின்ற ஸ்ரீயானி மிஸ், நல்ல நெட்டையான சிங்களப் பெண், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள்.

“ஏன் பிடித்து இழுக்கிறீங்க? உள்ளே விடுங்களேன்.”

ஒரு கட்டை மட்டையைப் பிள்ளையிடம் கொடுத்து, இடது கை மேலே, வலது கை கீழே என்று ஒவ்வொரு விரலாக எடுத்து வைத்தாள். குடையில் பழகிய கைக்கு அதிகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெயரைக் கேட்டபோது மச்சாள் கண் இமைக்காமல் சொன்னாள்: “ரேணுகா நவரத்ன.”

அண்ணாவின் பெயர் நவரட்ணராஜா. ரேணுகா என்பது இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பெயர். ராஜாவை வெட்டிவிட்டால் தகப்பன் பெயரும் சிங்களப் பெயராகிவிடும். கொஞ்ச நேரத்தில் பந்து கணுக்காலில் பட்டுப் பிள்ளை விழுந்தது. மச்சாள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் பிள்ளை எழும்பிப் பந்துக்குப் பின்னால் போய்விட்டது.

வீட்டில் கதையைக் கேட்ட அண்ணா, “இருந்த ஒரு ராஜாவையும் பறிச்சுப்போட்டாய்” என்று சிரித்தார். மச்சாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இஞ்சேருங்கோ, பகிடி இல்லை. பிள்ளை ஆசைப்படுது, விடுறன். ஆனா அங்க ஆருக்காவது எங்களை ஆரெண்டு தெரிஞ்சுதோ, அண்டையோட ஹொக்கி சரி.”

பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டியது. மட்டை கையில் கிடைத்தால் போதும், அது எந்தச் சட்டத்துக்கும் தயார். ஏற்பாடுகள் தொடங்கின. 'அம்மா' இரண்டு மொழியிலும் அம்மாதான், அதில் சிக்கலில்லை. 'மாமி'தான் சிக்கல். ஆகவே மைதானத்தில் நான் 'நெந்தா' ஆனேன். சிங்களப் பிள்ளைகள் மாமியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊர் எது என்று கேட்டால் சொல்வதற்கு, மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளை என்று ஒரு பதிலும் தயாராக இருந்தது. ஆருடைய அப்பா, எந்தச் சந்தி, எந்த வளவு என்பதையெல்லாம் மச்சாள் எனக்கும் பாடமாக்கிவிட்டாள். நான் மறந்துபோவேன், அவள் பல்லைக் கடிப்பாள்.

ஆனால் கேட்க ஆள் இருக்கவில்லை. பிள்ளைகள் விளையாடும்போது தாய்மார் எல்லோரும் ஒரே நீள மர வாங்கில்தான் இருப்போம். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். பள்ளிக்கூடம், பிள்ளைகளின் இருமல், மரக்கறி விலை என்று பேச்சுப் போகும். கொழும்பில் குண்டு வெடித்த கிழமையும் அப்படித்தான். ஒருத்தி ஏதோ சொல்லத் தொடங்கினாள், இன்னொருத்தி மழையைப் பற்றிப் பேசினாள், பிறகு எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். மச்சாளுக்கு அளவில்லாத பெருமை.

“பாத்தீங்களோ மச்சாள், ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. என்ர சிங்களம் அப்பிடி.”

ஐப்பசியில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே காப்புக் கட்டாத பிள்ளையை இறக்கமாட்டேன் என்று மிஸ் சொல்லிவிட்டாள். கண்டிக் கடைகளில் பெரியவர்களின் அளவுதான் இருந்தது. மச்சாள் யோசித்தாள். பழைய பேப்பரைத் தடிப்பாக மடித்துக் காலுறைக்குள் செருகி, மேலே றப்பர் வளையம் போட்டுவிட்டாள். பார்வைக்கு அசல் காப்பு மாதிரியே இருந்தது. பொட்டை அழித்தவள், ராஜாவை வெட்டியவள், என்னை நெந்தா ஆக்கியவள். எங்கள் வீட்டில் இருக்கிற பேப்பர் தமிழ்ப் பேப்பர் என்பது மட்டும் அவளுக்கு மண்டையில் ஏறவில்லை. சரி, எனக்கும்தான் ஏறவில்லை.

போட்டி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை சொல்லிவிட்டா வரும்? பிள்ளைகள் வெளியே வரமாட்டோம் என்று அடம்பிடித்துச் சேற்றில் சறுக்கி விழுந்து விளையாடி முடித்தார்கள். பிறகு எல்லோரையும் தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து துடைத்தோம். ரேணுகா வாங்கில் ஏறியிருந்து, தன்பாட்டில் காலுறையைக் கழற்றியது. நனைந்த பேப்பர் கூழாகிக் கீழே விழுந்தது. காலில் மை அப்படியே பதிந்திருந்தது. வலது காலில் மணமகள் தேவை, இடது காலில் ஒரு மரண அறிவித்தல். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தன. ஆனாலும் அது தமிழ் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் படித்திருக்க வேண்டியதில்லை.

கொட்டகைக்குள் எல்லோரும் அந்தக் கால்களையே பார்த்தார்கள். போன மாதம்தான் மகளைச் சேர்த்த, சிவப்புக் குடை வைத்திருந்த ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையோடு மழையாக வெளியே போனாள். மச்சாள் சேலைத் தலைப்பால் பிள்ளையின் காலைத் தேய்க்கத் தேய்க்க, மை இன்னும் பரவியது. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது, பிறகு தன் மட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டது. ஹொக்கி போய்விட்டது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வெளியே போக ஒரேயொரு வாசல்தான் என்பதைக்கூட அப்போதுதான் கவனித்தேன்.

ஸ்ரீயானி மிஸ் ஒரு துவாயோடு வந்து பிள்ளைக்கு முன்னால் குந்தினாள்.

“பேப்பர் நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது, மிஸிஸ் நவரத்ன. நாங்கள் சின்ன வயதில் கமுகம் பாளையைத்தான் வெட்டிக் கட்டினோம். அடுத்த கிழமை நான் கொண்டுவாறேன்.”

“மிஸ், நாங்கள்...” என்று தொடங்கிய மச்சாளுக்கு அதற்குமேல் சிங்களம் வரவில்லை.

“தெரியும். முதல் நாளே தெரியும். பந்து பட்டதும் 'என்ர பிள்ளை, என்ர பிள்ளை' என்று கத்திக்கொண்டுதானே ஓடினீங்க. மைதானம் முழுக்கக் கேட்டது.”

அந்தச் சொற்களை மட்டும் அவள் தமிழிலேயே சொன்னாள். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்ய? நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் காதுக்கு அது தமிழாகவே படவில்லை. ஒரு தாய் கத்தினாள், அவ்வளவுதான்.

“எங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தால் பிள்ளையை நிறுத்திவிடுவீங்க என்று பயந்தேன். அதுதான், ஊர் எது, அவர் எங்கே வேலை என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று இவர்களுக்குச் சொல்லி வைத்தேன்.”

“எனக்குத்தான் பெரிய கஷ்டம்,” என்றாள் எப்போதும் தேத்தண்ணி தரும் பருத்த அம்மா. “இத்தனை மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த நாட்டில் பக்கத்தில் வந்து இருப்பவரிடம் முதலில் கேட்பதே ஊர் எது என்றுதான். அதை யாரும் கேட்கவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு ஏன் உறைக்கவில்லை? மச்சாள் ஈர நிலத்திலேயே இருந்துவிட்டாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சிரித்தாள். மூன்று வருடமாக அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. சிவப்புக் குடைக்காரி அதற்குப் பிறகு மகளைக் கொண்டுவரவில்லை. பாவம், நன்றாக ஓடக்கூடிய பிள்ளை.

வீடு திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. முன் சீற்றில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆமிக்காரப் பெடியன் தூங்கி வழிந்தான். பிள்ளை தாயின் காதுக்குள் குசுகுசுத்தது.

“அம்மா, இனி வெளியில தமிழ் கதைக்கலாமோ?”

மச்சாள் ஆமிக்காரனைப் பார்த்தாள்.

“கதை. ஆனா மெல்லமாக் கதை.”

“நான் அடிச்ச பந்து உள்ளுக்க போனது. மிஸ் கோல் இல்லையெண்டு விசில் ஊதிட்டா.”

“ஆர் சொன்னது இல்லையெண்டு?” மச்சாள் சீற்றை விட்டே எழும்பிவிட்டாள். “அது கோல்தான்! நான் என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆமிக்காரப் பெடியன் திடுக்கிட்டு விழித்தான். மட்டையைப் பார்த்தான், சேறு அப்பிய பிள்ளையைப் பார்த்தான், நின்றுகொண்டிருந்த மச்சாளைப் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்துத் திரும்பவும் தூங்கிவிட்டான்.